படித்துக் காட்டாமல் விட்ட பத்தி

போன மாதம் கவிதா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இப்போது ஆங்கிலம் எடுப்பவள். அவள் வகுப்பில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண்ணுக்கு வெளிமாநிலத்தில் ஏதோ பெரிய உறைவிடப் பள்ளியில் இடம் கிடைக்கும்போல இருக்கிறது. ஆசிரியரின் சிபாரிசு வேண்டுமாம். எல்லாம் போனிலேயே நிரப்பி அனுப்பிவிடலாம் என்று காட்டினாள். "நீங்க இதெல்லாம் எழுதியிருப்பீங்க இல்ல மேடம், எப்படி எழுதினா எடுபடும்னு சொல்லுங்க" என்றாள். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாயா என்று கேட்டேன். எதற்கு என்பதுபோலப் பார்த்தாள்.

அவளைக் குறை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்ததில் நான் அப்படி ஒரு பள்ளிக்கு அனுப்பிவைத்தது ஒரே ஒரு பெண்ணை. அந்தக் கதையை அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆரணி. வேலூரில் பி.டி. முடித்தேன். அந்த ஒரு வருஷ ஆசிரியப் பயிற்சியில் இப்போது நினைவிருப்பது, கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முழு முதுகையும் காட்டக்கூடாது என்பது மட்டும்தான். செங்கத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலைக்கு மாற்றல் கிடைத்து, பேகோபுரத் தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கி, பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். வேலை என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அங்கே, தலைமையாசிரியை எஸ்தர் அம்மாவிடம்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைப் புடவை, ஆண்கள் கட்டுகிற மாதிரி பெரிய கைக்கடிகாரம். அடுத்தவர் எழுதிய கடிதத்தைப் படிக்கும்போது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொள்வார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை, திரும்ப முதலிலிருந்து ஒரு தடவை. அதற்குப் பிறகுதான் உட்காருவார்.

நான் சேர்ந்த வருஷம் ஒரு மாணவிக்கு நன்னடத்தைச் சான்று எழுதிக்கொண்டு போனேன். பண்புள்ளவள், பொறுப்பானவள், எல்லோரிடமும் அன்பாகப் பழகுபவள் என்று எழுதியிருந்தேன். அம்மா பென்சிலை எடுத்தார். "அன்பா பழகறத எங்க பாத்தீங்க?" என்று கேட்டார். வகுப்பில் என்றேன். வகுப்பில் அவள் வாய் திறந்து யாரிடம் என்ன பேசினாள், சொல்லுங்கள் என்றார். மூன்று சொல்லையும் ஒவ்வொன்றாக அடித்தார். மிஞ்சியது அந்தப் பெண்ணின் பெயரும் வகுப்பும்தான்.

அதற்குப் பிறகு அவருடைய முறையைச் சொல்லிக் கொடுத்தார். யாருக்குச் சிபாரிசு எழுதுவதாக இருந்தாலும் முதலில் வீட்டுக்குப் போக வேண்டும். போய் மூன்று கேள்வி கேட்க வேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பெண் காலையில் எழுந்ததும் என்ன வேலை செய்கிறாள், அவள் இல்லாவிட்டால் அந்த வேலையை யார் செய்வார்கள். திரும்பி வந்த அன்றைக்கே பதிவு நோட்டில் எழுதிவிட வேண்டும். சிபாரிசுக்கு ஒரு நகல், அதில் அம்மாவின் பென்சில், பிறகு நல்ல பிரதி, கடைசியில் அவருடைய பச்சை மைக் கையெழுத்து. பெற்றோருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் அதற்குத் தனி முறை இருந்தது. வரிமேல் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல வேண்டும். என்ன புரிந்தது என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். நோட்டில் 'முழுவதும் படித்துக் காட்டப்பட்டது' என்று எழுதி அவர்கள் கையெழுத்தை வாங்க வேண்டும்.

அந்த மூன்றாவது கேள்வியின் அருமை எனக்கு அடி அண்ணாமலையில் தெரிந்தது. மாதத்துக்கு இரண்டு நாள் தவறாமல் மட்டம் போடுகிற ஒரு பெண்ணை நான் வகுப்பில் எழுப்பி நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா என்னை அவள் வீட்டுக்கு அனுப்பினார். மலை சுற்றும் பாதையில் ஒரு சின்னக் கடை. பௌர்ணமிக்கு இப்போதுபோலக் கூட்டம் வராத காலம், ஆனாலும் அந்த இரண்டு நாள் வியாபாரத்தில்தான் மாதம் ஓடியது. தாய்க்குக் கண் சரியாகத் தெரியாது. அவள் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார்கள். மறுநாளிலிருந்து நான் அவளை நிற்கவைக்கவில்லை. இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு முறை தெரியாது என்று பின்னால் நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

ராஜமதி எட்டாவதில் என் வகுப்புக்கு வந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். காலை ஏழு மணி பஸ்ஸில் வருவாள். ஜைனக் குடும்பம், அந்தப் பக்கத்தில் எத்தனையோ தலைமுறையாக நிலம் வைத்துப் பயிரிடும் நயினார் வீடுகளில் ஒன்று. அப்பா விருஷபதாஸ், நெல்லும் மணிலாக் கடலையும் போடுவார். தமிழ் நன்றாகப் படிப்பார். ஆங்கிலம் தெரியாது. வீட்டுக்கு இவள் ஒரே பிள்ளை.

கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டாள். கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். தெரியவில்லை என்று நினைத்து அடுத்தவளைக் கேட்கப் போவோம், அப்போது சொல்வாள். சொன்னது சரியாக இருக்கும். ஒருமுறை அரையாண்டுப் பரீட்சைக் கேள்வித்தாளில் நான் செய்திருந்த தப்பைக் கண்டுபிடித்துவிட்டு, பரீட்சை முடிந்து எல்லோரும் போன பிறகு என் மேஜைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அந்தக் காலத்தில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு அரசாங்க உதவித்தொகை ஒன்று இருந்தது. பரீட்சை எழுதித் தேறினால் பெரிய உறைவிடப் பள்ளிகளில் சேர்த்துச் செலவு முழுவதையும் அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும். ராஜமதியை நான்தான் எழுதவைத்தேன். சாயங்கால பஸ் வரும்வரை தினமும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். தேறினாள். சென்னையில் நேர்முகத்திலும் தேறினாள். மலைமேல் இருந்த ஒரு பள்ளியில் ஒன்பதாவதில் சேர இடம் ஒதுக்கி உத்தரவு வந்தது. அமைச்சர் வீட்டுப் பிள்ளைகளும் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிற இடம். எங்கள் பள்ளியிலிருந்து அதற்கு முன்னால் யாரும் போனதில்லை. கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது என் பெயரைக் கேட்டு விசாரித்தார்.

எஸ்தர் அம்மாவின் முறைப்படி ராஜமதி வீட்டுக்குப் போனேன். போய்ச் சேரும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. உட்காரும் முன்பே இலை போட்டுவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அது அவர்கள் வழக்கம். விருந்தாளியைப் பிறகு பட்டினி போட முடியாது என்று அவசர அவசரமாகப் பரிமாறினார்கள். இருட்டிய பிறகு ராஜமதியின் அம்மா கனகமாலா தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சாப்பிட்டு முடிந்ததும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பெண் காலையில் எழுந்து தண்ணீர் சேந்தி, துணி கட்டி வடிகட்டி, அன்றைக்கு வேண்டியதை நிரப்பிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அவள் இல்லாவிட்டால்? "நான் வடிகட்டிக்கறேன், அதுக்கென்ன" என்றார் கனகமாலா. சொல்லிவிட்டு உள்ளே போனவர், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

விருஷபதாஸ் மறுப்பாக ஒன்றும் பேசவில்லை. அவர் கவலை ஒன்றே ஒன்றுதான். "படிக்கட்டும்ங்க டீச்சரம்மா. நாங்க படிக்காதது போதும். ராத்திரிச் சாப்பாடு மட்டும் பொழுதோட குடுத்துடுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க. அது தெரிஞ்சா நான் முடிவு பண்ணிடுவேன்" என்றார்.

பள்ளிக்கு எழுதினேன். 'இயன்றால் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்' என்று எழுதியிருந்ததை எஸ்தர் அம்மா அடித்தார். நாம் கெஞ்சவில்லை, கேட்கிறோம், கேள்வியாக எழுதுங்கள் என்றார். அப்படியே எழுதினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது.

மூன்று பத்தி. முதல் பத்தியில் மாணவியை வரவேற்பதாகவும், சைவச் சாப்பாட்டுக்குத் தனிச் சமையல் இருப்பதாகவும், அதில் முட்டைகூடச் சேராது என்றும் இருந்தது. இரண்டாவது பத்தி: இரவு உணவு ஏழரை மணிக்கு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், யாருக்கும் தனி நேரம் ஒதுக்குவதில்லை. இப்படிப்பட்ட பழக்கமுள்ள பிள்ளைகள் ஒரு பருவத்துக்குள் பழகிவிடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். இதை முக்கியமாகக் கருதும் பெற்றோர் இடத்தை ஏற்கும் முன் நன்றாக யோசித்துக்கொள்வது நல்லது. மூன்றாவது பத்தியில் கம்பளிச் சட்டை, போர்வை, சேர வேண்டிய நாள்.

எஸ்தர் அம்மா நின்றுகொண்டு இரண்டு தடவை படித்தார். என்னிடம் கொடுத்தார். "ரெண்டாவது பத்தி அவருக்குக் கஷ்டமா இருக்கும். அப்படியே படிச்சுக் காட்டுங்க. நீங்க ஒண்ணும் சேக்கவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

பஸ்ஸில் போகும்போது எனக்கு என்ன ஓடியது என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தனியாள். அந்தப் பெண் ஏழு மணி பஸ்ஸிலிருந்து இறங்கி வேறு எங்கேயோ உயரத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாதி அவளுக்காக, பாதி எனக்காக. ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்துக்காக இது நின்றுபோக வேண்டுமா என்று தோன்றியது. பழகிவிடுவாள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்களே என்றும் தோன்றியது. ஆனால் படிக்காமல் விடுவது என்று முடிவு செய்துகொண்டு நான் போகவில்லை. அது சத்தியம்.

விருஷபதாஸ் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ராஜமதி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்தில் நின்றாள். முதல் பத்தியை வரிக்கு வரி சொன்னேன். முட்டைகூடச் சேர்க்க மாட்டார்கள் என்றதும் விருஷபதாஸின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "பரவால்லையே, பெரிய மனுசங்கதான்" என்று உள்ளே மனைவிக்குக் கேட்கும்படி சொன்னார். என் விரல் இரண்டாவது பத்திக்கு வந்தது. வந்து, அங்கே நிற்காமல், மூன்றாவதற்குப் போய்விட்டது. கம்பளிச் சட்டை இத்தனை, போர்வை இத்தனை என்று படித்தேன்.

முடித்ததும் கேட்டார். "நேரத்தப் பத்தி எழுதியிருக்காங்களா? பொழுதோட குடுத்துடுவாங்க இல்ல?"

"பாத்துக்குவாங்க" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். நோட்டில் 'முழுவதும் படித்துக் காட்டப்பட்டது' என்று எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். கடிதத்தைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பதில் எழுதும்போது தேவைப்படும், என்னிடமே இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. மறுநாள் எஸ்தர் அம்மா, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். சம்மதம் என்றார், ஜூனில் சேர்த்துவிடுகிறார் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

ஜூனில் போனாள். ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம் விருஷபதாஸ் பள்ளிக்கு வந்தார். உரம் வாங்க டவுனுக்கு வந்தவர், பெண் எழுதிய கடிதத்தை எனக்குக் காட்ட வேண்டும் என்று வந்திருந்தார். ஆசிரியர் அறை வாசலில் நின்றுகொண்டு அவரே வாசித்தார். குளிர் ஜாஸ்தி, பாடம் எல்லாம் இங்கிலீஷில், கூடப் படிக்கிற பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறார்கள். அதற்கப்புறம், 'எனக்கு மட்டும் தினமும் ஐந்தரை மணிக்கே தனியாகச் சாப்பாடு கொடுத்துவிடுகிறார்கள், அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும்.' அந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். "நீங்க சொன்ன மாதிரியே பாத்துக்கறாங்க" என்றார்.

அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அன்றைக்கே அவளுக்கு எழுதினேன், ராத்திரி என்ன சாப்பிடுகிறாய் என்று. பதில் ஆங்கிலத்தில் மூன்றே வரி வந்தது. நாலு மணிக்கு ரொட்டியும் பாலும் தருகிறார்கள், அது போதுமாக இருக்கிறது, தயவுசெய்து அப்பாவிடம் சொல்ல வேண்டாம். நாலு மணி ரொட்டிக்குப் பிறகு மறுநாள் காலை எட்டு மணிவரை ஒன்றுமில்லை. வளருகிற பெண், அந்தக் குளிரில். நான் எஸ்தர் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். சாப்பிட ஆரம்பித்துவிடுவாள், எல்லாப் பிள்ளைகளும் பழகிவிடுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லீவுக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நன்றாக இருக்கிறாயா என்று கேட்டேன், நன்றாக இருக்கிறேன் டீச்சர் என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

இரண்டாவது வருஷம் குளிர்காலத்தில் பள்ளியிலிருந்து தந்தி வந்தது. விருஷபதாஸ் அன்று மாலையே கிளம்பிப் போயிருக்கிறார். எனக்கு எதுவும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து, கடைசிப் பாடவேளை முடிந்து நான் வெளியே வரும்போது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டார். பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார்.

"இத முழுசா படிங்க டீச்சரம்மா."

வகுப்பறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்துப் படித்தேன். இந்தத் தடவை விரலை வரிமேல் வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டாவது பத்தியின் கடைசி வரி வந்ததும், அதை இன்னொரு வாட்டி சொல்லுங்கள் என்றார். இதை முக்கியமாகக் கருதும் பெற்றோர் இடத்தை ஏற்கும் முன் நன்றாக யோசித்துக்கொள்வது நல்லது. சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததை நிதானமாகச் சொன்னார். நிமோனியா. உடம்பில் ரத்தமே கம்மி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நோயாளிகள் அறையில் வேலை செய்யும் ஆயா ஒருத்தி தமிழ்க்காரி. உங்கள் பெண் ராத்திரி தட்டில் கை வைக்காதுங்க, மணி அடித்ததும் எல்லோரோடும் வந்து உட்காரும், தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும், எல்லோரும் எழுந்தால் எழுந்து போகும், ஒன்றரை வருஷமாக இப்படித்தான் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நாள் திட்டிப் பார்த்துவிட்டுப் பள்ளியிலும் விட்டுவிட்டார்களாம்.

"ஏழு மணிக்கு மேல மருந்து குடுக்கணும், வெறும் வயித்துல குடுக்கக்கூடாதுன்னாங்க. அவ குடிக்க மாட்டேன்னா. நானே தம்ளரப் புடிச்சு, பால குடிக்க வெச்சேன்" என்றார். அவர் அழவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"முழுசா படிச்சிருந்தா அனுப்பியிருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. ஒருவேள அனுப்பிக்கூட இருப்பேன். ஆனா அது நான் யோசிக்க வேண்டியதுங்க. நானும் அவ அம்மாவும் உக்காந்து யோசிக்க வேண்டியது. அத நீங்க எங்களுக்குக் குடுக்கல." கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வாராவாரம் அஞ்சரைக்குச் சாப்பிட்டேன்னு எழுதுச்சு. அத ஊரெல்லாம் படிச்சுக் காட்டிகினு இருந்தேன்" என்றார். எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கே எஸ்தர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பீரோவைத் திறந்து பதிவு நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். 'முழுவதும்' என்ற சொல்லைப் பச்சை மையால் அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டார். நோட்டை இனிமேல் தமிழாசிரியை பார்த்துக்கொள்ளட்டும் என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "நீங்க நல்லா பாடம் எடுப்பீங்க. அத எடுங்க" என்றார். அவர் ஓய்வு பெறும்வரை எனக்கு ஒரு சிபாரிசும் எழுதக் கொடுக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதித் தண்டனை வாங்கிக் கொடுத்திருந்தால் எனக்கு அதைவிட லேசாக இருந்திருக்கும்.

மலைக் குளிர் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ராஜமதி திரும்பி வந்தாள். எங்கள் பள்ளியிலேயே பத்தாவதைத் தொடர்ந்தாள். என் வகுப்பு. ஜன்னல் ஓரம் கடைசி வரிசை. அடிக்கடி இருமல் வரும், வராத நாள் நிறைய. ஆங்கிலம் இப்போது என்னைவிட நன்றாகப் பேசுவாள், ஆனால் வகுப்பில் பேச மாட்டாள். நான் அவளைக் கேள்வி கேட்பதில்லை. அந்த வருஷம் முடியும்வரை அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பாடம் நடத்தியதாக நினைவில்லை. அவளும் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. முதல் வகுப்பு வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், தேறினாள், அவ்வளவுதான். பிறகு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தேர்தல் வந்தது. வாக்குச்சாவடி வேலைக்கு எங்களுக்கெல்லாம் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வெளியூர்ப் பள்ளி ஒன்றின் பெரிய கூடத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தோம். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பெண் என் பெஞ்சுக்கு வந்து, "டீச்சர்" என்றாள். இருமலை அடக்கிக்கொண்டு பேசும் அந்தக் குரலில்தான் அடையாளம் தெரிந்தது. போளூர்ப் பக்கம் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலையாம். கல்யாணமாகி ஒரு குழந்தை. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது என்றாள். எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

பத்து வருஷமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை அப்போது சொன்னேன். அங்கே போய் மணி ஏழரை என்று உனக்குத் தெரிந்தபோது என்னை எவ்வளவு வெறுத்திருப்பாய், நான் செய்ததை நீ மூடி மறைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டாய் என்றேன்.

அவள் பழையபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

"அங்க போய்த் தெரிஞ்சுக்கல டீச்சர். அன்னைக்கு உங்க பக்கத்துல நின்னேனே, அப்பவே ரெண்டாவது பத்திய படிச்சுட்டேன். நீங்க தாண்டிப் போனத பாத்தேன். அப்பாகிட்ட சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எனக்கும் போவணும்னு ஆசையா இருந்துச்சு. டீச்சரே இப்படி செய்யறாங்கன்னா அது தப்பா இருக்காதுன்னு நெனச்சுகிட்டேன்."

பிரித்து வைத்திருந்த சாப்பாட்டை மூடிவைத்தேன்.

"அப்பா கடைசி வரைக்கும் உங்க மேலதான் வருத்தமா இருந்தாரு. நானும் சேந்துதான்னு நான் சொல்லவேயில்ல. உங்க மேலயே போட்டுட்டேன். அதுக்காகத்தான் உங்கள பாக்கணும்னு இருந்தேன். மன்னிச்சுக்குங்க டீச்சர்."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். கடிதத்தைப் பார்த்தபோது பதின்மூன்று. ஒரு பெண்ணைப் பட்டினி போட்டேன் என்று மட்டும்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளை முடிந்து கூப்பிட்டார்கள். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள், நீங்கள் வந்தால் நான் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன், தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை என்றாள். வருகிறேன் என்றேன். அவள் தன் வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைப்பது எப்படி என்று ஓர் அதிகாரி மேடையில் செய்து காட்டினார். எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழ்பென்னாத்தூருக்கு எங்கள் தெரு முனையிலிருந்தே பஸ் உண்டு. நான் போகவில்லை. ஐந்தாறு வருஷம் கழித்து, கனகமாலாவும் காலமாகிவிட்டார் என்று அந்த ஊர்ப் பெண் ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டேன்.